கழுதையாரை இரவல் வாங்கியவர்கள்

கடவுள் துணை
ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்து அவருக்கு முழங்கால்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? புது வேலை, புது ஊர். ஆஸ்பத்திரி சலவைக் கூடம் என்றால் எந்நேரமும் ஈரமும் ஆவியுமாக இருக்குமே, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

நீ உன் பெண் வாண்டை இங்கே விட்டுப் போய் இன்றோடு பதினெட்டு நாள். உன் விடுதியில் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை என்பதால் வந்த ஏற்பாடு என்று அவளிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். புரிந்த மாதிரி தலையாட்டினாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். நீ தைத்துக் கொடுத்த துணிக் கழுதை இல்லாமல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. அதைக் கழுதை என்று நாம் சொன்னால் கோபம் வருகிறது. 'கழுதையார்' என்று சொல்லணுமாம். "கழுதையார் குளிச்சிட்டார், கழுதையாருக்குப் பசிக்கல." பெரியப்பாவுக்கு மட்டும் 'வா, போ'தான்.

எதிர் வீட்டுப் பையனை இந்தக் கட்டடத்தில் எல்லோரும் டமாரம் என்பார்கள், அழுதால் மூன்று மாடிக்கும் கேட்கும். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பாவம், சத்தமே வராமல் அழுகிறான். வாண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு, "கழுதையாரை அவனுக்குக் குடுக்கப் போறேன். உன் நோட்டுல எழுது" என்றாள்.

என் நோட்டு உனக்குத் தெரியும். யார் ஏணி வாங்கினார்கள், யார் குடை வாங்கினார்கள், எந்தக் கடிதம் எந்தத் தேதி வந்தது, எல்லாம் அதில் இருக்கும். கழுதையாருக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கினேன். வாங்கியவர், தேதி, திரும்பிய தேதி என்று கோடு போட்டேன். "எதுக்குன்னு எழுதலையே? எதுக்குன்னு கேக்காமலா குடுப்பே?" என்றாள். காரணம் என்று இன்னொரு கோடு. சட்டமும் அவளே போட்டாள். ஏழு நாள்தான் இரவல். நேரில் கொண்டுவந்து கையில் தர வேண்டும். வாங்குகிறவர் காரணத்தை வாயால் சொல்ல வேண்டும்.

டமாரம் வாயைத் திறக்க முடியாமல் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். அதை ஏற்றுக்கொண்டாள்.

உனக்காகத் தினமும் பிரார்த்தனை செய்யும்
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன், சந்தோஷம். நான் நலம். சளி இல்லை. என்னைச் சலவை இயந்திரத்தில் விடவில்லை, தையல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். கிழிந்த படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் இங்கே வந்து குவியும். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து தைக்கிறோம். பக்கத்தில் இருக்கிற மெஷின்காரி ஓயாமல் பேசுவாள். "உன் புருஷன் போனதுக்கப்புறம் நீ வாயே தெறக்கறதில்லையாமே, எனக்கு வசதியாப் போச்சு, ரெண்டு பேர் பங்கையும் நானே பேசறேன்" என்கிறாள்.

கழுதையாரை ஒரு பழைய சாம்பல் நிறக் கம்பளியில் தைத்தேன். இடது காது சரியாக வரவில்லை. அவசரத்தில் தைத்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், இல்லையா?

அக்கா, ஒன்று கேட்கணும். என்னைப் பற்றிக் கேட்கிறாளா? கேட்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளதை எழுது.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அன்புத் தங்கை


கடவுள் துணை
பிப்ரவரி 12

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே யாவரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வாண்டு அரை அங்குலம் வளர்ந்திருக்கிறாள், கதவில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவரைப் பார்த்திருப்பாய். அவர் ஓட்டின பஸ்ஸில் நவம்பரில் ஒரு சைக்கிள்காரர் அடிபட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார், இவர் மேல் தப்பு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இவர் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் எல்லோரும் வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவோம். என்ன பேசுவது?

போன வாரம் வாண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"கழுதையாருக்கு பஸ்ல போகணுமாம்."

"நான் இப்ப ஓட்டறதில்ல பாப்பா."

"ஏன்?"

ஏன் என்று மூன்று மாதமாக அவரை யாருமே கேட்கவில்லை, பார்த்துக்கொள். கழுதையாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பயம்" என்றார்.

இவள் ஓடி வந்து, "பெரியம்மா, நோட்டு! காரணம் பயம்" என்று கத்தினாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நாற்பது வயசு ஆம்பளை. எழுதலாமா என்று வாசலில் நின்று அவரைப் பார்த்தேன். "எழுதிக்குங்கம்மா, உள்ளதுதானே" என்றார்.

ஏழாம் நாள் சாயங்காலம் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். கழுதையாரை வாண்டின் கையில் கொடுத்து, "மூணு நாளா என் முன்னாடி கண்ணாடிகிட்டதான் உக்காந்து வந்தார். டிக்கெட்தான் எடுக்கல" என்றார். "அவர் ஆள் இல்ல, கழுதை. கழுதைக்கு டிக்கெட் கெடையாது" என்றாள் இவள். அன்றைக்கு மட்டும்தான் கழுதையாரைக் கழுதை என்று சொன்னாள்.

நம் வீட்டில் இருபது வருஷமாகச் சத்தம் என்றால் சுவர்க் கடிகாரம்தான். இப்போது கடிகாரம் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோர் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். டிரைவர் கதையைத் தையல் பிரிவில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மெஷின்காரி கூட ஐந்து நிமிஷம் பேசவில்லை. அது இங்கே பெரிய விஷயம்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

குழந்தையோடு தங்கிக்கொள்கிற மாதிரி ஓர் அறை தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எதுவும் அமையவில்லை, வாண்டிடம் சொல்லிவிடாதே. ஜூனில் பள்ளி திறக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு போகணும், அவ்வளவுதான் என் ஆசை.

உன் அன்புத் தங்கை


கடவுள் துணை
மார்ச் 20

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம். அறைக்கு அவசரப்படாதே. பெண் தனியாக, அதுவும் ஒரு குழந்தையோடு இருப்பதென்றால் அக்கம்பக்கம் பார்க்கணும், தண்ணீர் பார்க்கணும். இங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

நம் வீட்டுக்காரம்மாவை நினைவிருக்கிறதா? கைப்பிடிச் சுவரில் ஈரத்துணி போட்டால் மேல் மாடியிலிருந்தே ஒரு சத்தம் வருமே, அவர்தான். இரண்டு வாரம் முன்பு குழாய் சொட்டுகிறதா என்று பார்க்க வந்தார். வாண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கழுதையாரை மட்டும் வெளியே நீட்டினாள்.

"என்ன இது, அழுக்கு மூட்டை?"

"ஏழு நாள் வெச்சிக்குங்க. காரணம் சொல்லணும்."

"காரணமா? என்கிட்டயா கேக்கறே? சொல்ல மாட்டேன் போ."

"அப்ப குடுங்க."

அவர் தரவில்லை. இவள் கழுதையாரின் காலைப் பிடித்து இழுக்க, அவர் காதைப் பிடித்து இழுக்க, நான் வாண்டை விலக்கப் பார்த்தேன். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது? கடைசியில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மகன் கடுதாசி போட்டு எட்டு மாசம் ஆச்சுன்னு எழுதிக்கோ" என்றார்.

ஐந்தாம் நாளே திருப்பித் தந்தார். சோப்புப் போட்டுத் துவைத்து, பிய்ந்திருந்த காதைத் தைத்து, ஜம்மென்று இருந்தார் கழுதையார். இப்போதெல்லாம் சாயங்காலம் இரண்டு தடவை குழாய் பார்க்க வருகிறார். குழாய் சரியாகி ஒரு வாரம் ஆகிறது.

உன் அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? அக்கா, அறை கிடைத்துவிட்டது! மெஷின்காரி வீட்டுப் பின்கட்டில் ஒரு ஜன்னல் வைத்த அறை. அதே தெருவில் பள்ளி. நான் வேலைக்குப் போனதும் அவள் பள்ளிக்குப் போய்விடலாம், மாலையில் மெஷின்காரியின் மாமியார் பார்த்துக்கொள்வார்.

ஒன்றே ஒன்று. பிறப்புச் சான்றிதழைப் பள்ளியில் இருபதாம் தேதிக்குள் காட்டினால்தான் சீட். அது உன் பீரோவில் நீல உறையில் இருக்கிறது. சீட் இல்லை என்றால் அறை எடுத்தும் பயனில்லை, பகலில் அவளை எங்கே விடுவேன்? இந்தக் கடிதம் கண்டதும் அனுப்பிவிடு. நான் மே முதல் வாரம் வந்து அவளை அழைத்துக்கொள்கிறேன்.

சந்தோஷத்தில் இன்று இரண்டு தலையணை உறைகளை வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். மேஸ்திரி சிரித்துவிட்டார்.

உன் அன்புத் தங்கை


கடவுள் துணை
ஏப்ரல் 27

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தபால் இவ்வளவு தாமதமாகும் என்று யார் கண்டார்கள்? சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வாண்டு சுகம்.

உன் அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

சான்றிதழ் கிடைத்தது. நீ பதறாதே. சீட் போய்விட்டது. அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர்களும் எத்தனை நாள் பூட்டி வைப்பார்கள்? அடுத்த சேர்க்கை செப்டம்பரில்தானாம்.

தபால் செய்த தப்புக்கு நீ என்ன செய்வாய்? இங்கே தபால் நிலையத்துக்குப் போய் அந்த ஜன்னலில் இருந்தவரைக் கண்டபடி பேசிவிட்டேன். என் வாயிலிருந்து இவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது.

உனக்கும் அத்தானுக்கும் என்னால் எவ்வளவு சிரமம். நாலு மாதம் என்று சொல்லி அவளை அங்கே விட்டேன், இப்போது எட்டு மாதம் ஆகப் போகிறது. நீ மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் அக்கா. மன்னித்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


கடவுள் துணை
ஜூன் 2

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு முகம் இல்லை. நேரே எழுதிவிடுகிறேன்.

நீ மன்னிப்புக் கேட்ட கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால் அந்த நீல உறைதான் தெரிகிறது. போன செவ்வாய்க்கிழமை அடுப்புக்கூட மூட்டாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வாண்டு வந்து பார்த்தாள். கழுதையாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிறகு போய் நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்தாள்.

"காரணம் சொல்லு பெரியம்மா."

"தலைவலிடி."

"தலைவலிக்குக் கழுதையார் இல்ல. மாத்திரை இருக்கு."

எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டைப் பிரித்தேன். கடிதங்கள் வந்த தேதி எழுதும் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. 'தங்கை கடிதம், ஏப்ரல் 7.' என் கையெழுத்து. வந்த அன்றைக்கே எழுதியிருக்கிறேன். வருஷக்கணக்கான பழக்கம், உனக்குப் பொய் எழுதின கை நோட்டில் பொய் எழுத மறுத்துவிட்டது.

ஆமாம். உன் கடிதம் ஏழாம் தேதியே வந்தது. தபால்காரரிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தவளே வாண்டுதான். "அம்மா என்ன எழுதியிருக்கு?" என்றாள். "நலமாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இருபது நாள் பீரோவைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் அவளை என்னிடம் விட்டு வை என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபதாம் தேதி தாண்டியதும் அவர் என் பிரார்த்தனையைக் கேட்டுவிட்டார் என்றுகூட நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் பீரோவைத் திறக்கவில்லை, அதுதான் நடந்தது.

அன்று காரணம் என்ற இடத்தில் 'பொய் சொன்னேன்' என்று எழுதினேன்.

"என்ன எழுதினே?"

"பொய் சொன்னேன்னு."

"யார்கிட்ட?"

"உன் அம்மாகிட்ட."

பென்சிலை வாங்கிக்கொண்டாள். "அப்ப அம்மாகிட்ட சொல்லிடு. ஏழு நாள்தான்" என்றாள். இன்று ஏழாவது நாள்.

நீ ஜனவரியில் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். உன்னைக் கேட்கிறாள். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கழுதையாரை ஜன்னலில் தெருவைப் பார்க்க உட்கார வைக்கிறாள். வீட்டுக்காரம்மா துவைத்துக் கொடுத்தாரே, அன்றைக்கு அவள் முகத்தை அதில் புதைத்து மோந்து பார்த்து, "அம்மா வாசனை போயிடுச்சு" என்று ஒரு மணி நேரம் அழுதாள். அதை உனக்கு எழுதாமல் ஜம்மென்று இருக்கிறார் என்று எழுதினேன்.

நீ எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

முதலில் தபால் நிலையத்துக்குப் போய் அந்த ஜன்னல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா, எல்லாரும் எங்களைத்தான் திட்டுவாங்க" என்றார். அவரிடம் கேட்டது சுலபமாக இருந்தது. உனக்கு எழுதத்தான் கை வரவில்லை.

அந்த நாலு மாதத்தை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது. அவளுக்கு இந்த மாதம் ஒரு பல் ஆடுகிறது என்று அத்தான் எழுதியிருந்தார். அந்தப் பல் விழும்போது நான் இருக்க மாட்டேன். இதை எழுதாமல் நல்லவளாக முடித்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை.

ஆனால் நீ உள்ளதை எழுதிவிட்டாய், நானும் ஒன்று எழுதணும். அறை போய்விட்டது என்று தெரிந்த அன்று அழுதேன். அழுது முடித்ததும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அப்பாடா என்று இருந்தது. தனியாக அவளை வளர்க்க முடியுமா என்று எனக்கு அவ்வளவு பயம். அந்த நிமிஷத்தை நினைத்துத்தான் உன் மேல் இன்னும் கோபம் வந்தது. நானும் நோட்டில் எழுதணும் என்றால் காரணம் அதுதான்.

ரொட்டிக் கடை மாடியில் ஓர் அறை பார்த்து எடுத்துவிட்டேன். செப்டம்பரில் பள்ளிச் சீட்டும் உறுதி. ஆகஸ்ட் 29 வருகிறேன், 30 காலை வண்டியில் திரும்புகிறோம். அதுவரை அவள் கேட்பதையெல்லாம் எழுது. ஒன்றையும் விடாதே. பல் விழுந்தால் எடுத்து வை.

தங்கை


கடவுள் துணை
ஜூலை 19

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் இன்று, 19, பகல் பதினொன்றுக்கு வந்தது. வந்ததும் வாண்டுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன், நீ பயந்ததாக எழுதிய பகுதியைத் தவிர. "அம்மா எத்தனை தூக்கம் தள்ளி வரும்?" என்றாள். நாற்பத்தொன்று என்றேன். கதவில் உயரக் கோட்டுக்குப் பக்கத்தில் நாற்பத்தொரு கோடு போட்டிருக்கிறோம். தினமும் ஒன்றை அவளே அழிப்பாள். பல் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன், உனக்காக.

உன் அக்கா


ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? நேற்று பிளாட்பாரத்தில் நீ கையை ஆட்டாமல் நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

வண்டி இரண்டாவது நிலையம் தாண்டியதும்தான் பார்த்தேன், பையில் கழுதையார் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. சங்கிலியைப் பிடித்து இழுக்கலாமா என்று எழுந்தேவிட்டேன். இவள் ஜன்னலை விட்டுத் திரும்பாமல், "கழுதையார் தொலையல. பெரியம்மாவுக்குக் குடுத்திருக்கேன். தலகாணிக்கு அடியில இருக்கார்" என்கிறாள்.

"அவர் இல்லாம நீ எப்படித் தூங்குவே?"

"நீ இருக்கியே. பெரியம்மாவுக்கு யாரும்மா இருக்கா? பெரியப்பா டிக்கெட் குடுக்கப் போயிடுவார்."

நோட்டில் நீயே எழுதிக்கொள்ள வேண்டுமாம். காரணமும் எழுதணும். சட்டம் மாறவில்லை, ஏழு நாள்தான். நேரில் கொண்டுவந்து கையில் தரணும். தபாலில் போட்டால் கழுதையாருக்கு மூச்சு முட்டுமாம்.

நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை அக்கா. வழி முழுக்க விரல் விட்டு எண்ணி, "அடுத்த சனிக்கிழமை பெரியம்மா வரும்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அறை சின்னது. கட்டில் அகலம், மூன்று பேர் படுக்கலாம். பல் இன்னும் விழவில்லை.

உன் அன்புத் தங்கை


கடவுள் துணை
செப்டம்பர் 4

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் இன்று காலை பத்தரைக்கு வந்தது. பதில் இன்றே எழுதுகிறேன், ஆனால் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவருகிறேன். உன் அத்தான் காரணம் கேட்காமல் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரம்மா குழாயைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். டிரைவர் ஸ்டேஷனுக்குத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிவிடுகிறாராம், "கழுதையாருக்கு டிக்கெட் வேணாம், உங்களுக்கு மட்டும் எடுங்க" என்று சிரிக்கிறார்.

நோட்டில் எழுதியதை வாண்டுக்கு இப்படியே படித்துக் காட்டு:

வாங்கியவர்: பெரியம்மா.
தேதி: ஆகஸ்ட் 30.
காரணம்: கடிகாரச் சத்தம் கேட்கிறது.
திரும்பும் தேதி: செப்டம்பர் 6, சனிக்கிழமை, காலை வண்டி. நேரில்.

உன் அக்கா